அரையாண்டு லீவு முதல் தைப்பூசம் வரை: எங்கள் ஊர் அருங்காட்சியகக் கூரைக்கு எப்படிப் பணம் சேர்ப்பது?

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னிமலைப் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. முன்பு நூல் கிடங்காக இருந்த ஓட்டுக் கட்டடத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து எட்டு வருடமாக ஒரு சின்ன அருங்காட்சியகம் நடத்துகிறோம். இரண்டு அறை, ஒரு திண்ணை, பின்னால் ஒரு புளியமரம், அவ்வளவுதான். உள்ளே இன்னும் ஓடுகிற குழித்தறி ஒன்று இருக்கிறது, ராட்டைகள், தானியம் அளக்கிற வள்ளம், படி, உழக்கு, மாடு கட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த காலத்துச் சால், வடக்கயிறு, திருகை, பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரங்கள், நூல் கணக்கு எழுதிய நோட்டுகள், நூற்றுக்கு மேல் பழைய போட்டோக்கள். எல்லாமே இந்த ஊர் வீடுகளில் இருந்து வந்தவை. அகழாய்வு நடந்த கொடுமணல் பக்கத்தில்தான், அதைப் பார்க்க வருகிறவர்களில் சிலர் எங்களையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். மற்றபடி வாரத்துக்கு இருபது பேர் வந்தால் அதிகம்.

இந்த ஐப்பசி மழையில் கூரை ஒழுகிவிட்டது. தறியில் கட்டியிருந்த பாவு நூல் நனைந்தது, போட்டோக்களில் பதினைந்துக்கு மேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அன்றைக்கு ராத்திரி எல்லாவற்றையும் சாக்கில் சுற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டு போய் மின்விசிறிக்கு அடியில் பரப்பி வைத்தேன், இன்னும் அந்த அறையில்தான் பாதிச் சாமான் இருக்கிறது. ஓடு மாற்றி ரீப்பர் அடிக்க 1,80,000 ரூபாய் ஆகும் என்று மேஸ்திரி சொல்கிறார். கண்ணாடி வைத்த இரும்பு அலமாரி இரண்டுக்கு இன்னொரு 1,00,000. கையில் இருப்பது 61,000. மின் கட்டணத்துக்கும், தினமும் வந்து திறந்து கூட்டுகிற அம்மாவுக்குக் கொடுப்பதற்குமே மாதா மாதம் நாங்கள் ஆறு பேர் கைக்காசு போடுகிறோம்.

போன வருடம் பொங்கலை ஒட்டி ஒரு மெல்லிசை நிகழ்ச்சி வைத்தோம். மேடை, ஒலிபெருக்கி, ஜெனரேட்டர் என்று செலவு ஏறிக்கொண்டே போனது, வசூல் அதற்கு எட்டவில்லை, 14,000 ரூபாய் நாங்களே போட்டுக் கட்டினோம். வந்த கூட்டத்தில் உள்ளே வந்து பார்த்தவர்கள் ஐம்பது பேர்கூட இருக்க மாட்டார்கள், அதுதான் எனக்குப் பணத்தைவிட வருத்தம்.

இப்போது அரையாண்டுத் தேர்வு முடிந்து லீவு வருகிறது, அப்புறம் பொங்கல், அதற்கப்புறம் தைப்பூசம். இந்த ஒரு மாதத்தில் என்ன செய்தால் கூரைக்குப் பணம் சேரும்? நுழைவுச் சீட்டு வைக்கலாமா? இதுவரை இலவசம்தான். இன்னொரு யோசனையும் இருக்கிறது. எங்கள் பக்கம் பொங்கலுக்கு முன்னால் வீடு வெள்ளையடித்து அட்டாலியை, அதாவது பரணை, காலி செய்வார்கள். பழைய இரும்புக்காரர் வண்டியோடு தெருவில் நிற்பார், நல்ல நல்ல பொருளெல்லாம் எடைக்குப் போய்விடும். அவர் வருவதற்கு முன் நாங்கள் போய்க் கேட்டால் என்ன? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு வாத்தியார் எழுதியது:

தங்கச்சி, நான் புதுக்கோட்டைக்காரன், முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுத்தவன். எங்கள் ஊரில் 1910இலேயே தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. வருடா வருடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். அதில் நான் கண்டது ஒன்றுதான்: கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வெளியே ஐஸ்காரரைத் தேடுவார்கள், கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டால் அங்கிருந்து நகரவே மாட்டார்கள். உங்களிடம் ஓடுகிற தறியே இருக்கிறது. இதைவிடப் பெரிய நிகழ்ச்சி வேறு என்ன வேண்டும்?

அரையாண்டு லீவில் பெற்றோர் இருவரும் மில்லுக்கோ கம்பெனிக்கோ போய்விடுவார்கள், பிள்ளைகள் வீட்டில் செல்போனோடு இருப்பார்கள். மூன்று நாள் பயிற்சி என்று அறிவியுங்கள், ஒரு குழுவுக்கு இருபது பேருக்கு மேல் வேண்டாம். கட்ட முடிந்தவர்களிடம் 300 ரூபாய் வாங்குங்கள், அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் வாங்காதீர்கள். முதல் நாள் பானை ஓடு. குயவரிடம் விரிசல் விட்ட பானைகளைச் சும்மாவே வாங்கி வந்துவிடலாம். அதை உடைத்து ஆளுக்கொரு ஓடு கொடுத்து, பழங்காலத் தமிழி எழுத்தில் அவரவர் பெயரை ஆணியால் கீறச் சொல்லுங்கள். கொடுமணலில் கிடைத்த ஓடுகளில் இப்படித்தானே ஆட்களின் பெயர் இருக்கிறது. ழ, ற, ன போன்ற நம் ஒலிகளுக்கு அந்த எழுத்திலேயே தனி வடிவம் இருக்கிறது என்று காட்டினால், பெயரில் ழ இருக்கிற பிள்ளைக்கு அன்றைக்குத் தலைகால் புரியாது. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற கொடுமணல்தான் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் நாள் தறி. ஊரில் வயதான நெசவாளர் ஒருவரை உட்கார வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் ஊடு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளி நாலு விரற்கடை நெய்யட்டும். அவருக்கு அன்றைய கூலியைக் கட்டாயம் கொடுங்கள், அவர்தான் அன்றைக்கு ஆசிரியர். மூன்றாம் நாள் ஆளுக்கொரு பொருளைப் பிரித்துக் கொடுத்து, வீட்டில் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு வந்து அதற்குப் பெயர்ப்பலகை எழுதச் சொல்லுங்கள். அன்று சாயங்காலம் பெற்றோரை அழையுங்கள், பிள்ளைகளே சுற்றிக் காட்டட்டும். தன் பிள்ளை திருகையைப் பற்றிப் பேசுவதைக் கேட்க வராத அம்மா எந்த ஊரிலும் கிடையாது.

கூரை விஷயம் அந்தச் சாயங்காலத்தில்தான் பேச வேண்டும். "கூரைக்கு 1,80,000 வேண்டும்" என்று மொத்தமாகக் கேட்டால் யாருக்கும் கை நீளாது. எத்தனை ஓடு ஆகும் என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். உங்கள் அளவுக்குச் சுமார் 1,800 என்று வைத்தால், கூலி, ரீப்பர் எல்லாம் சேர்த்து ஓர் ஓடு 100 ரூபாய் ஆகிறது. ஓட்டின் அடிப்பக்கத்தில் பெயிண்டால் கொடுத்தவர் பெயரை எழுதிக் கூரையில் ஏற்றுங்கள், உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் பெயர் தெரியும். 100 ரூபாய் யாராலும் முடியும், பத்து ஓடு கொடுக்கிறவர்களும் வருவார்கள். இறக்குகிற பழைய ஓடுகளையும் பார்த்து இறக்குங்கள், அவற்றில் செய்த கம்பெனியின் முத்திரை இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு பரவிய வகை அது. வேறு வேறு முத்திரையில் வகைக்கொன்று எடுத்து வைத்தால் அதுவே ஒரு காட்சி.

நுழைவுச் சீட்டு வேண்டாம் என்பது என் கருத்து. ஊர்க்காரர் கொடுத்த பொருளைப் பார்க்க ஊர்க்காரரிடமே காசு கேட்கக் கூடாது. தறி ஓட்ட, ஓலையில் எழுதிப் பார்க்க என்று செய்கிற காரியத்துக்கு வாங்குங்கள்.

தறிக்காரர் மகன் எழுதியது:

நான் உங்களுக்கு அடுத்த ஊர்க்காரன். பத்தொன்பது வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். அப்பா குழித்தறியில் பெட்ஷீட் நெய்தவர், எனக்குத் தூக்கம் வந்ததே அந்தச் சத்தத்தில்தான்.

ஒரு குறை சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. இரண்டு வருடம் முன்னால் பட்டிப் பொங்கலுக்கு மறுநாள், பூப்பறிக்கிற நோன்பு அன்று, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்தேன். பூட்டியிருந்தது. என்னைப் போல வெளியில் இருக்கிறவர்கள் ஊருக்கு வருவதே அந்த நாலு நாள்தான், அந்த நாலு நாளும் நீங்களும் பொங்கல் கொண்டாடப் போய்விட்டீர்கள். குற்றம் சொல்லவில்லை, நீங்களும் மனிதர்கள்தானே. ஆனால் காப்புக்கட்டு அன்றும் பெரும்பொங்கல் அன்றும் யாரும் வெளியே வர மாட்டார்கள், பட்டிப் பொங்கலன்று மாடு கன்றோடு இருப்பார்கள், அதற்கு மறுநாள்தான் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரை, கோயில் என்று கிளம்புவார்கள். அந்த ஒரு நாள் காலை முதல் இருட்டும் வரை திறந்து வையுங்கள். ஒரு வருடத்தில் வருகிற கூட்டம் அன்றைக்கே வரும்.

பழைய போட்டோக்களில் யார் என்று தெரியாதவற்றைப் பெரிதாகப் பிரதி எடுத்துத் திண்ணையில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். "இது எங்கள் பெரியப்பா" என்று ஒருவர் எழுதினால் போதும், அவர் வீட்டில் பத்துப் பேருக்கு அந்தப் பிரதி வேண்டும். பிரதி ஒன்றுக்கு 200 ரூபாய் வாங்கினால் யாரும் பேரம் பேச மாட்டார்கள், நானே வாங்குவேன்.

ஓட்டுக்கு என் பங்கு ஒரு லட்சம் தருகிறேன். எனக்கு இப்போது சிங்கப்பூர்க் குடியுரிமை, மனைவி இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

வரவு செலவு எழுதியது:

தறிக்காரர் மகன் அண்ணா, உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நான் கோவையில் சிறு அறக்கட்டளைகளுக்குக் கணக்குப் பார்க்கிறவள்.

நீங்கள் பிறந்தது இங்கே என்றாலும் குடியுரிமை மாறிவிட்டால் சட்டப்படி நீங்கள் வெளிநாட்டவர், உங்கள் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு. அதை வாங்க அறக்கட்டளைக்கு மத்திய உள்துறையின் அனுமதி வேண்டும். அந்தப் பதிவு கிடைக்க மூன்று வருடமாவது இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சமாவது தன் வேலைக்குச் செலவு செய்திருக்க வேண்டும், பணம் வரும் கணக்கும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும். இரண்டு அறை அருங்காட்சியகத்துக்கு இது ஆகிற காரியம் இல்லை. தெரியாமல் வாங்கிவிட்டால் மாட்டுவது அந்த ஆறு பேரும்தான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உங்கள் மனைவி தன் சொந்தச் சேமிப்பில் இருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்று வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை, உங்கள் அறக்கட்டளை பதிவானதா, வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு இரண்டும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் நல்லது, ஆனால் கொடுப்பவருக்கு வரிக் கழிவு தரும் 80ஜியை முன்னால் வைத்து நன்கொடை கேட்காதீர்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது, அது கிடைக்கும் என்று நம்பிக் கொடுத்தவர் பிறகு உங்கள் மேல்தான் வருத்தப்படுவார். பழைய முறையில் இருப்பவர்களுக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை, காசோலையோ யூபிஐயோதான். கழிவு கேட்கிறவர்களிடம் பெயர், முகவரி, பான் எண் அன்றைக்கே வாங்குங்கள், மார்ச் முடிந்த பிறகு தேடினால் கிடைக்காது. மே 31க்குள் அந்த விவரத்தை வருமான வரித் துறையில் தாக்கல் செய்து ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

உண்டியல் வைக்கலாம், தப்பில்லை. பெயர் தெரியாத பணம் ஒரு லட்சம், அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால்தான் தாண்டிய பகுதிக்கு 30 சதவீதம் வரி. உங்கள் உண்டியல் அந்த அளவுக்குப் போகாது. இருந்தாலும் இரண்டு பேர் முன்னிலையில் திறந்து எண்ணி, தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே வங்கியில் கட்டிவிடுங்கள். பண்டிகை நாளில் யாராவது ஒருவர் பையில் பணம் தங்கிவிட்டால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஊர் பேச ஆரம்பித்துவிடும்.

பெரிய கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைப் பலர் சொல்வார்கள். மரபு, கலை, பண்பாடு பாதுகாப்பு கம்பெனிச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்பனை, 5 கோடி நிகர லாபம், இதில் ஒன்றாவது இருக்கிற கம்பெனிக்குத்தான் அந்தக் கடமை, உங்கள் பக்கத்துச் சின்ன மில்களுக்கு இல்லை. வாங்குகிற அறக்கட்டளைக்கும் மூன்று வருட அனுபவம் வேண்டும், 2021 ஏப்ரலில் இருந்து கம்பெனி விவகார அமைச்சகத்தில் தனியாகப் பதிந்து எண்ணும் வாங்கியிருக்க வேண்டும். அதை இந்தக் கூரைக்கு நம்பி இருக்காதீர்கள், அடுத்த மழை வந்துவிடும்.

ஓட்டுக் கணக்கை வாசலிலேயே எழுதுங்கள். ஒரு கரும்பலகையில் 1,800 என்று போட்டு, வந்தது எத்தனை, பாக்கி எத்தனை என்று தினமும் சாயங்காலம் அழித்து எழுதினால் போதும். பலகை மாறுவதைப் பார்த்துத்தான் அடுத்தவர் கொடுப்பார்.

ஓலைச்சுவடி எழுதியது:

அட்டாலிப் பொருள் சேகரிப்பு எனக்கு மிகவும் பிடித்த யோசனை. சுவடிப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன், இதை எத்தனையோ ஊரில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், செய்கிறவர்கள் குறைவு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகக் கேட்டு உ.வே.சா. எவ்வளவு நொந்துபோனார் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்றைக்கு ஓமம் இல்லை, பழைய இரும்புக்காரர் தராசு இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் வீடு வீடாகப் போவதற்கு முன்னால் சில விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கொடுப்பது தானமா இரவலா என்று எழுத்தில் வாங்குங்கள். பெரியவர் மகிழ்ச்சியாகக் கொடுத்துவிடுவார், பத்து வருடம் கழித்துப் பேரன் வந்து கேட்பான், அன்றைக்குச் சண்டை வரக் கூடாது. ஒரு பக்கம் போதும்: யார், என்ன பொருள், எந்தத் தேதி, தானமா இரவலா, இரண்டு கையெழுத்து. வாங்கியதை அன்றைக்கே பதிவேட்டில் எண் போட்டு ஏற்றுங்கள். தானமாக வந்த பொருளை நிதிக்காக ஏலம் விடலாம் என்று யாராவது சொல்வார்கள், அதை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள். ஒரு வெண்கலச் செம்பை விற்றது தெரிந்தால் அடுத்த வருடம் ஒருவரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

நூறு வருடம் தாண்டிய சிற்பம், செப்புச் சிலை, நாணயம் போன்றவையும், எழுபத்தைந்து வருடம் தாண்டிய அரிய சுவடிகளும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. சாமி சிலை எதுவும் வந்தால் நீங்களாக வைத்துக்கொள்ளாமல் தொல்லியல் துறையிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மண்ணுக்குள் இருந்து எடுத்தது என்று யாராவது காசோ நகையோ கொண்டு வந்தால் அதற்கு வேறு சட்டம், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கொடுமணல் பக்கத்தில் இருப்பதால் மணி, கல் என்று பொறுக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள் இருப்பார்கள். எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்று அந்த மூன்று நாள் பயிற்சியில் சொல்லிக் கொடுங்கள்.

அப்புறம், கொடுக்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். நம் வீடுகளில் ஒரு பொருளை நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் பளபளவென்று தேய்த்துத்தான் கொடுப்பார்கள், அன்பில் செய்வது அது. தேயத் தேய வெட்டியிருக்கும் பெயர் போய்விடும். சீர்ப் பாத்திரத்தில் இருக்கும் அந்தப் பெயரும் தேதியும் உங்கள் ஊரில் எந்த வீட்டுக்கு எந்த ஊரில் இருந்து பெண் வந்தது என்பதற்குச் சாட்சி. ஓலை ஏதாவது வந்தால் தண்ணீர் தொடாமல், மென்மையான தூரிகையால் தூசு மட்டும் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். எலுமிச்சம்புல் தைலம் பூசுவது வழக்கம்தான், ஆனால் தெரிந்தவரை வைத்துச் செய்ய வேண்டும்.

ஒட்டிக்கொண்ட அந்தப் போட்டோக்களைப் பிடித்து இழுத்துப் பிரிக்காதீர்கள். அப்படியே வையுங்கள், எந்த வகைக் காகிதம் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அச்சுக்கூடம் எழுதியது:

சிவகாசியில் இருந்து. காலண்டர் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், அதனால் முந்திச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியாகி ஆர்டர் ஆரம்பித்துவிடும், மார்கழியில் வந்தால் இடம் கிடைக்காது. அடுத்த வருடத்துக்கு ஆடியிலேயே வாருங்கள்.

இந்த வருடத்துக்குப் பொங்கல் வாழ்த்து அட்டை போடுங்கள். ஊர்ப் பழைய போட்டோ ஆறு, பின்னால் எழுத இடம், ஆறும் ஒரு கவரில். உள்ளூர் டிஜிட்டல் அச்சிலேயே நூறு செட் எடுக்கலாம். ஒரு காலத்தில் பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் தபால்காரர் பை தூக்க முடியாமல் வருவார், இன்றைக்கு நாற்பது வயது தாண்டியவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தறிப் படம் போட்ட அட்டையை முதலில் வையுங்கள், அதுதான் போகும்.

மரபு நடை எழுதியது:

சீட்டு விஷயத்தில் வாத்தியார் ஐயாவோடு எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. வெளியூர்க்காரரிடம் 20 ரூபாய் வாங்குவதில் தப்பே இல்லை, சும்மா கிடைப்பதை நம் ஆட்கள் மதிப்பதில்லை. ஊர்க்காரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இலவசமாக விட்டுவிடுங்கள்.

ஜனவரி 1 காலையில் ஒரு நடை வையுங்கள். எங்கள் கொங்கு நாட்டில் புலியோடு போராடி மடிந்த வீரருக்கு நட்ட புலிகுத்திக்கல் இல்லாத பக்கமே கிடையாது, உங்கள் சுற்று வட்டாரத்திலும் ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். ஆறரை மணிப் பனியில் கிளம்பி, கல்லைப் பார்த்து, ஊர்ப் பெரியவர் ஒருவர் வாயால் கதை கேட்டு, ஒன்பது மணிக்கு அருங்காட்சியகத்தில் வந்து முடியுங்கள். சுடச்சுட அரிசியும் பருப்பும் சாதம், நெய், ஊறுகாய். தலைக்கு 150 வாங்கினால் செலவு போக ஓட்டுக்கு மிச்சமாகும். கல் நிற்கிற நிலத்துக்காரரிடம் முன்பே அனுமதி கேளுங்கள், சாமியாகக் கும்பிடுகிற கல் என்றால் செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள். சுண்ணாம்பு பூசி எழுத்தைத் தேடுகிறேன் என்று யாராவது வந்தால் விடாதீர்கள்.

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. உடனே பதில் எழுத முடியவில்லை, ஆறு பேரும் உட்கார்ந்து பேசி முடிக்க இரண்டு ஞாயிறு ஆகிவிட்டது.

மெல்லிசை இந்த வருடம் இல்லை. லீவில் இரண்டு குழுவுக்கு மூன்று மூன்று நாள் பயிற்சி, இதுவரை முப்பத்தொரு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், பதினெட்டுப் பேர் அரசுப் பள்ளி. நெசவு சொல்லிக் கொடுக்க எழுபத்திரண்டு வயதுப் பெரியவர் ஒருவர் ஒப்புக்கொண்டார். பாவு நனைந்தது தெரிந்து அவரே வந்து பார்த்து, "இதை அறுத்துப்போட்டுப் புதுசா கட்டிக்கலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டு, மறுநாள் நூலோடு வந்து நின்றார். சீட்டு வைப்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி, அதனால் இப்போதைக்கு இல்லை, தறி ஓட்டிப் பார்க்க மட்டும் 30 ரூபாய். பூப்பறிக்கிற நோன்பு அன்று காலை எட்டு முதல் இரவு எட்டு வரை திறந்திருக்கும், தறிக்காரர் மகன் தம்பி, அன்றைக்கு நான் சாவியோடு வாசலிலேயே இருப்பேன், பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள்.

12ஏ, 80ஜி இரண்டும் இருக்கிறது, கணக்கு அக்கா சொன்ன விவரமெல்லாம் எங்கள் ஆடிட்டரிடம் காட்டிவிட்டேன். கரும்பலகை மாட்டியாகிவிட்டது. நேற்று வரை 412 ஓடு. இதில் 200 கணக்கு அக்கா சொன்னபடி மனைவி கணக்கில் இருந்து வந்தது, யார் என்று எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அதனால் அந்த ஓடுகளில் அவர்கள் அப்பாவின் பெயரை எழுதப் போகிறோம்.

போட்டோக்களை இழுக்கவில்லை, பத்திரமாக இருக்கிறது. ஓலைச்சுவடிக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

அட்டாலிப் பொருள் கேட்டு நேற்றுதான் முதல் தெருவுக்குப் போனோம். இரவல், தானம் என்று இரண்டு நிறத்தில் தாள் அடித்துக்கொண்டு போனோம். ஒரு படி, இரண்டு லாந்தர், ஒரு சைக்கிள் லைசென்ஸ் வில்லை கிடைத்தன. கடைசி வீட்டில் ஒரு பாட்டி உள்ளே போய் ஒரு கோல நோட்டை எடுத்து வந்தார்கள். கல்யாணமாகி வந்த வருடம் வரைய ஆரம்பித்ததாம், பென்சிலில் புள்ளி, மசியில் கோடு, சில கோலங்களுக்குப் பக்கத்தில் யார் வீட்டு வாசலில் பார்த்தது என்றுகூட எழுதியிருக்கிறது. தானமாகவா இரவலாகவா என்று கேட்டேன். "இரவல்தான், மார்கழி முடியட்டும், நாளைக்கு எந்தக் கோலம்னு ராத்திரி பார்த்து வெச்சுக்கணும்ல" என்றார்கள். பகலில் நாங்கள் படம் எடுத்துக்கொண்டு ஆறு மணிக்குத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவது என்று பேச்சு. இன்றைக்குப் பதினாறு பக்கம் எடுத்திருக்கிறேன், இன்னும் எண்பதுக்கு மேல் இருக்கிறது.